கொல்லை கறுப்பு, வயல் புளிப்பு: எத்தியோப்பிய மலைநாட்டின் அமில மண் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எத்தியோப்பிய மலைநாட்டுச் சிறு விவசாயி ஒருவரின் நிலத்தில் இரண்டு விதமான மண் இருக்கும். வீட்டை ஒட்டிய கொல்லை கறுத்து, பொலபொலவென்று உதிரும். உருளைக்கிழங்கும் கீரையும் அங்கே நன்றாக வரும். அதே குடும்பத்தின் தூரத்து வயலுக்கு நடந்து போனால் மண் சிவந்து இறுகிக் கிடக்கும். பார்லி விதைத்தால் முளைக்கும், ஆனால் வளராது. இலையில் ஊதா நிறம் ஏறும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டையாக, தடித்து, கிளைவிடாமல் இருக்கும்.

இரண்டு நிலத்துக்கும் ஒரே பாறை, ஒரே மழை. வேறுபாடு எங்கிருந்து வந்தது? கொல்லைக்கு அடுப்புச் சாம்பலும் சாணமும் வீட்டுக் குப்பையும் தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. தூரத்து வயலிலிருந்து தானியமும் வைக்கோலும் வெளியே போனதுதான் உண்டு, திரும்பி வந்தது எதுவும் இல்லை. அமில மண் என்றதும் பேச்சு நேராகச் சுண்ணாம்புக்குத் தாவிவிடுகிறது. சுண்ணாம்பு வேண்டியதுதான். ஆனால் இந்த மலைநாட்டின் கதையைப் பார்த்தால் மண்ணின் புளிப்பில் பாதி அடுப்படியில் உண்டாகிறது, மீதி லாரி வாடகையில் சிக்கி நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இடம்

நான் எடுத்துக்கொண்ட பகுதி அம்ஹாரா மாநிலத்தின் அவி மண்டலம், குறிப்பாக அங்குள்ள ஃபகிதா லெகோமா வட்டாரம். மண்டலத் தலைநகர் இஞ்சிபாரா. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் எழும் மேட்டுநிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் கிரெம்த் பருவமழைதான் இங்கே ஆண்டையே தீர்மானிக்கிறது. நாட்டிலேயே மழை மிகுந்த மலைப்பகுதிகளில் இது ஒன்று. மண் பெரும்பாலும் ஆழமான செம்மண், மண்ணியலார் நிட்டிசால் என்று சொல்லும் வகை. ஒரு குடும்பத்துக்கு 1 ஹெக்டேர் இருந்தாலே பெரிது. அதுவும் ஒரே இடத்தில் இருக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். பார்லி, டெஃப் என்னும் பொடிமணித் தானியம், கோதுமை, உருளை, மொச்சைபோல் பருத்த விதை தரும் பேபா பீன்ஸ் ஆகியவை வழக்கமான பயிர்கள்.

இந்தச் சிக்கல் அவியோடு நிற்கவில்லை. எத்தியோப்பியாவின் சாகுபடி நிலத்தில் சுமார் 43 விழுக்காடு அமிலத்தால் பாதிக்கப்பட்டது என்பது அந்நாட்டு ஆய்வாளர்கள் பரவலாக எடுத்தாளும் கணக்கு. மேற்கே வொல்லேகா, தெற்கே சோடோ, தலைநகருக்கு அருகில் ஹொலேட்டா என்று மழை அதிகமுள்ள மேட்டுநிலம் எங்கும் இதே கதைதான்.

புளிப்பு வந்த வழி

மழை முதல் காரணம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்யும் கனமழை கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற காரச் சத்துக்களைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அவை விட்டுப்போன இடத்தில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்காருகின்றன. இது இயற்கை, யாரும் தடுக்க முடியாது.

அடுத்தது மனிதர் செய்வது. அறுவடையில் கதிரோடு தாளும் போகிறது. தாள் மாட்டுக்குத் தீவனம். தீவனம் சாணமாகும், சாணம் வயலுக்கு வந்தால் எடுத்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் வருவதில்லை. காடு அழிந்த மேட்டுநிலத்தில் விறகுக்கு எங்கே போவது? சாணத்தைத் தட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். நம் ஊர் வரட்டிதான், அங்கே குபெத் என்பார்கள். எரித்த சாம்பல் கொல்லையில் விழுகிறது. வயலில் விளைந்த காரச் சத்து மாட்டின் வயிறு வழியாக அடுப்புக்கும், அடுப்பு வழியாகக் கொல்லைக்கும் போய்ச் சேர்கிறது. கொல்லை கறுத்ததும் வயல் புளித்ததும் ஒரே ஓட்டத்தின் இரண்டு முனைகள்.

மூன்றாவது உரம். ஹெக்டேருக்கு 100 கிலோ டிஏபி (மணிச்சத்து மிகுந்த உரம்), 100 கிலோ யூரியா என்பது பல ஆண்டுகள் நாடு முழுவதற்கும் சொல்லப்பட்ட ஒரே பரிந்துரை. யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிவருகிறது. ஒரு கிலோ தழைச்சத்து உண்டாக்கும் அமிலத்தை அடக்க ஏட்டுக் கணக்குப்படி சுமார் 1.8 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. அப்படியானால் ஆண்டுக்கு 80 கிலோ சொச்சம் சுண்ணாம்புக் கடன் ஏறுகிறது. பயிர் தழைச்சத்தை நன்றாக எடுத்துக்கொண்டால் கடன் குறையும், மழையில் கரைந்து ஓடினால் இன்னும் கூடும். யூரியாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பசியோடு இருக்கும் குடும்பத்திடம் அப்படிச் சொல்வது கொடுமை. ஆனால் மூட்டை கொடுக்கும்போதே இந்தக் கடனையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வேரைக் கொல்வது எது

பயிரைக் கொல்வது புளிப்பு அல்ல, புளிப்பு அவிழ்த்துவிடும் அலுமினியம். செம்மண்ணில் அலுமினியம் ஏராளம், ஆனால் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 5.5-க்கு மேல் இருக்கும்வரை அது பெரும்பாலும் கரையாமல் கட்டுண்டு கிடக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்கக் கரைந்து வேர் நுனியைத் தாக்குகிறது. நுனி நின்றால் வேர் ஆழம் போகாது. ஆழம் போகாத வேருக்கு, மழைக்கு நடுவே பத்து நாள் வெயில் அடித்தாலும் தாகம்தான். பி.எச். என்பது பத்து மடங்கு ஏணி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 5.5-இல் இருந்து 4.5-க்கு இறங்கினால் புளிப்பு ஒரு படி அல்ல, பத்து மடங்கு கூடியிருக்கிறது.

அதே அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தான பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. விவசாயி காசு கொடுத்து வாங்கிய மணிச்சத்து வேருக்கு எட்டுமுன் மண்ணோடு ஒட்டிவிடும். இலையில் ஏறும் ஊதா நிறம் அதன் அடையாளம். பேபா பீன்ஸுக்கு இன்னொரு அடியும் உண்டு: வேர் முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்து தரும் ரைசோபியம் நுண்ணுயிர் கடும் அமிலத்தில் தாங்காது. அதனால் முதலில் கைவிடப்பட்ட பயிர்களில் ஒன்று அது. புரதம் தந்த பயிர், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்த்த பயிர், தட்டிலிருந்தும் வயலிலிருந்தும் ஒன்றாகப் போனது. இந்த இழப்பு எந்த விளைச்சல் கணக்கிலும் முழுமையாக வராது.

அலுமினியம்தான் எதிரி என்று தெரிந்ததில் ஒரு பெரிய நன்மை உண்டு. குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் மண்ணை பி.எச். 6.5, 7 வரை ஏற்றச் சொன்னது. வெப்பமண்டலச் செம்மண்ணில் அதற்குக் கொட்ட வேண்டிய சுண்ணாம்பு மலைபோல் ஆகும், அப்புறம் துத்தநாகம், மாங்கனீசு பற்றாக்குறையும் வந்துசேரும். 1970-இல் அமெரிக்க மண்ணியலார் யூஜின் காம்ப்ராத், கரையும் அலுமினியத்தை அடக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு போட்டால் போதும் என்று அளவுகோலையே மாற்றினார். எத்தியோப்பியாவில் இன்று போடும் கணக்கும் அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு திமாத் நிலத்தின் கணக்கு

மண் ஆய்வில் பரிமாற்ற அமிலத்தன்மை, அதாவது மண் துகளில் ஒட்டியிருக்கும் அலுமினியமும் ஹைட்ரஜனும், கிலோ மண்ணுக்கு 2 சென்டிமோல் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மேல்மண் 15 செ.மீ., மண்ணின் பருமன் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.1 கிராம். அமிலத்தை வேதியியல் கணக்கில் சமன்செய்யத் தேவையானதை ஒன்றரை மடங்காக்கினால் ஹெக்டேருக்கு 2,475 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி. ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழும் நிலத்தை அங்கே திமாத் என்பார்கள், ஏறக்குறைய கால் ஹெக்டேர். ஒரு திமாதுக்கு 620 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் பன்னிரண்டுக்கு மேல். அதே நிலத்துக்கு யூரியா வெறும் 25 கிலோ.

சுண்ணாம்புக்கல் எத்தியோப்பியாவில் இல்லாமல் இல்லை. அபாய் (நீல நைல்) ஆற்றின் பெரும் பள்ளத்தாக்குச் சுவர்களில் அடுக்கடுக்காகத் தெரிகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் டெஜெனிலும், ஒரோமியாவின் குடேரிலும், தெற்கே புட்டாஜிராவிலும் அரசு அரைப்பு ஆலைகளை அமைத்தது. டெஜெனிலிருந்து இஞ்சிபாராவுக்கு நெடுஞ்சாலையில் சுமார் 200 கி.மீ. லாரி அதுவரை வரும். அங்கிருந்து ஊருக்கு மண்சாலை. ஊரிலிருந்து சரிவில் இருக்கும் வயலுக்குக் கழுதை முதுகு. ஒரு கழுதை ஒரு மூட்டை தூக்கினால் ஒரு திமாதுக்குப் பன்னிரண்டு நடை, நான்கு திமாதுக்கு ஐம்பது நடை. ஆலை வாசலில் மலிவாக இருக்கும் கல், வயல் வரப்பில் இறங்கும்போது அப்படி இருப்பதில்லை. அதிலும் காலம் குறுகல்: மழைக்கு முன் போட்டு உழுதாக வேண்டும், மழை பிடித்துவிட்டால் மண்சாலையில் லாரி ஏறாது.

பிரேசிலின் செராடோ புல்வெளியில் இதே வகை அமில மண்ணைச் சுண்ணாம்பு போட்டுத்தான் சோயா வயலாக்கினார்கள். அதற்காக 2006-இல் எட்சன் லொபாட்டோ, அலிசன் பவுலினெல்லி, காலின் மெக்ளங் மூவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பலர் அந்த உதாரணத்தை ஆப்பிரிக்க மலைநாட்டுக்கு அப்படியே நீட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செராடோ சமவெளி. பரந்த பண்ணை, டிராக்டர், கடன், வயல்வரை லாரி. அவியில் இருப்பது சரிவு, ஏர்மாடு, கால் ஹெக்டேர் துண்டு. வேதியியல் ஒன்றுதான், சுமைதான் வேறு.

நிலவுரிமையும் குறுக்கே நிற்கிறது. 1975 முதல் எத்தியோப்பியாவில் நிலம் அரசுடையது, விவசாயிக்கு அனுபவ உரிமை. மாடு இல்லாத வீடுகள் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவதும் நிறைய. சுண்ணாம்பு போட்ட முதல் பருவத்தில் பலன் அரைகுறையாகத்தான் தெரியும், இரண்டாம் மூன்றாம் ஆண்டில்தான் நன்றாக வரும். அடுத்த ஆண்டு இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத வாரக்காரர் எதற்காகப் பன்னிரண்டு மூட்டை சுமக்க வேண்டும்?

சுண்ணாம்பு வராத காலத்தில் என்ன செய்தார்கள்

மலைநாட்டு மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. வடக்கு ஷேவா பக்கம் குயே என்றொரு பழைய முறை. தரிசைப் பெயர்த்து, காய்ந்த மண்கட்டிகளைச் சாணத்தின்மேல் குவித்து, நாள்கணக்கில் புகையவிட்டு, சுட்ட மண்ணைப் பரப்பிப் பார்லி விதைப்பார்கள். சூடு பாஸ்பரஸை விடுவிக்கும், சாம்பல் புளிப்பைக் குறைக்கும். ஓரிரு அறுவடை பிரமாதமாக வரும். ஆனால் மண்ணின் மக்கு (மட்கிய இலைதழைப் பொருள்) எரிந்துபோவதால் அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டு அந்த நிலத்தை விட்டுவிட வேண்டும். நிலம் பரந்திருந்த காலத்து அறிவு அது. துண்டு துண்டாகக் குறுகிய நிலத்தில் அதற்கு இடமில்லை.

பயிரை மாற்றுவது இன்னொரு வழி. பார்லி படுத்த வயலில் ஓட்ஸ், டெஃப், உருளை, கேழ்வரகு. நம் கேழ்வரகின் பூர்வீகம் இந்தக் கிழக்காப்பிரிக்க மலைநாடுதான். கோதுமை தாங்காத புளிப்பை அது ஓரளவு தாங்கும். அவிப் பகுதியில் கிப்தோ என்ற வெள்ளை லூபின் அவரையும் உண்டு. கசப்பு விதை, வறுத்து ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்தால்தான் வாயில் வைக்கலாம். அதன் வேர் கொத்துக்கொத்தாகக் கிளைத்து சிட்ரிக் அமிலத்தைக் கசியவிட்டு, அலுமினியம் பிடித்து வைத்த பாஸ்பரஸைப் பிடுங்கி எடுக்கும். ஏழையின் பயிர் என்று ஒதுக்கிவிடாமல் இதன்மேல் அதிகம் உழைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

மூன்றாவதாக மரம். ஃபகிதா லெகோமாவை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான். தானியம் கட்டுப்படியாகாத வயலில் அகேசியா டெகுரென்ஸ் என்னும் ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தை நட ஆரம்பித்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு வந்து புல்வெளிகளைத் தின்ற வாட்டில்களின் உறவுமரம் இது. முதல் ஆண்டு கன்றுகளுக்கு நடுவே டெஃப். அடுத்து மாட்டுக்குப் புல். நான்கைந்து ஆண்டில் வெட்டி, வயலிலேயே கரிமூட்டம் போட்டு, கரியை மூட்டையாக நகரத்துக்கு அனுப்புவது. பிறகு மறுபடி டெஃப்போடு கன்று. பத்துப் பதினைந்து ஆண்டில் வட்டாரத்தின் முகமே மாறிப்போனது, பயிர்நிலம் குறைந்து பச்சை கூடியது. கையில் காசு வந்தது, கூரைவீடு தகரவீடாயிற்று என்று நகரத்தார் எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் நடந்தது என்னவென்றால், சுண்ணாம்பு கொண்டுவர முடியாத மண்ணில் சுண்ணாம்பு கேட்காத பயிரை விவசாயிகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். அது தோல்வியல்ல, நல்ல கணக்கு.

இதில் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரம் வந்ததும் கிளையும் சுள்ளியும் அடுப்புக்குக் கிடைக்கின்றன. அடுப்புக்கு விறகு கிடைத்தால் சாணத்தை எரிக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. சாணம் வயலுக்குப் போனால் அதிலுள்ள கால்சியமும் பொட்டாசியமும் திரும்புகின்றன, மக்கு அலுமினியத்தைக் கட்டிவைக்கிறது. கரிமூட்டம் போட்ட இடத்துச் சாம்பலும் காரம்தான். தூரத்து வயலைக் கொல்லையைப்போல் ஆக்கும் வழி இங்கே திறக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது. சாணக்கூடையை வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் யார் சுமப்பது, கரி விற்ற காசு யார் கையில், சாணம் தட்டும் வேலை யாருடையது என்ற கேள்விகள் எல்லாம் அதில் இருக்கின்றன. சாணம் தட்டுவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். மண்வளப் பயிற்சிக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் ஆண்கள்.

மரமும் காப்பீடு அல்ல. வட்டாரம் முழுக்க ஒரே மரமாய் நின்றதில் பின்னாளில் துரு நோய் புகுந்தது. ஒரே பயிரை நம்பினால் வரும் ஆபத்து மரத்துக்கும் உண்டு.

சிறு நிலத்துக்கு ஏற்ற அளவு

இத்தனையும் பார்த்தபின், கால் ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு என்ன சொல்வேன்?

எல்லா வயலுக்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு வயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது விலை கிடைக்கும் பயிர், அலுமினியத்தைத் தாங்காத பயிர் போடும் வயலாக இருக்க வேண்டும். பேபா பீன்ஸ், மால்ட் பார்லி, கோதுமை. டெஃப்புக்கும் உருளைக்கும் சுண்ணாம்பைச் செலவழிப்பது கடைசியாகத்தான். உருளைக்கு மிஞ்சிப் போட்டால் கிழங்கில் சொறி வரும். முட்டைகோஸ் வேர் வீங்காமலிருக்கச் சுண்ணாம்பு போட்ட நிலத்தில் அடுத்து உருளை வைப்பவர்கள் எந்த மலையில் இருந்தாலும் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவையும் பிரிக்கலாம். முழு அளவை வயலெங்கும் இறைக்காமல், கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை விதைக்கும் சாலில் மட்டும் இட்டு, ஆண்டுதோறும் அதே மாதிரி செய்வது. மேலே சொன்ன கணக்கில் ஒரு திமாதுக்கு மூன்று முதல் நான்கு மூட்டை. கழுதை ஒரே காலையில் முடித்துவிடும். வாரத்துக்கு உழுபவரும் துணிந்து போடலாம், அடுத்த ஆண்டு நிலம் போனாலும் போனது கொஞ்சம்தான். சாலுக்கு வெளியே மண் புளிப்பாகவே இருக்கும் என்பது இதன் குறை. ஆனால் முழு அளவு கிடைக்கும்வரை காத்திருந்து ஒன்றுமே போடாமல் இருப்பதைவிட எத்தனையோ மேல்.

பொடி நைசாக இருக்க வேண்டும். குருணையாக வந்தால் பாதி மண்ணில் கல்லாகவே கிடக்கும், கரைய ஆண்டுகள் பிடிக்கும். கையில் எடுத்துத் தேய்த்தால் மாவுபோல் ஒட்டணும். வயலெங்கும் இறைப்பதானால் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பாவது போட்டு உழ வேண்டும். இதில் மலைநாட்டுக்கு ஒரு வசதி உண்டு: மரெஷா எனும் அவர்களுடைய நாட்டுக்கலப்பை ஆழம் போகாவிட்டாலும், டெஃப்புக்காகக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை ஓட்டும் வழக்கம் இருக்கிறது. அந்த உழவுகளுக்கு நடுவே தூவினால் தனி வேலை இல்லாமலே நன்றாகக் கலந்துவிடும்.

சுண்ணாம்போடு மணிச்சத்தும் போக வேண்டும். சுண்ணாம்பு அலுமினியத்தை அடக்கும், பாஸ்பரஸை உண்டாக்காது. ஹொலேட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றிய பார்லி, பேபா பீன்ஸ் சோதனைகள் காட்டியதும் இந்தக் கூட்டின் பலனைத்தான். கிடைக்கும் சாணத்தையும் அதே சாலில் சேர்த்தால் சுண்ணாம்பு இன்னும் குறைவாகவே போதும்.

இன்னொன்று, எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் செய்யக்கூடியது. வயலின் நடுவே நாலு சால் அகலத்துக்குச் சுண்ணாம்பு போடாமல் விட்டுவிட வேண்டும். விதைத்து ஆறு வாரத்தில் அந்தப் பட்டையிலிருந்து ஒரு செடியும் பக்கத்திலிருந்து ஒரு செடியும் பிடுங்கி, வேரைக் கழுவி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பயிரின் உயரம் உரத்தாலும் மழையாலும் ஏமாற்றும். வேர் ஏமாற்றாது. வெள்ளை வேர் கிளைத்து இறங்கியிருந்தால் அடுத்த ஆண்டு மூன்று மூட்டையை நாலாக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி கட்டையாக இருந்தால் பொடி குருணையாக இருந்ததா, மழைக்குப் பின் போட்டோமா, அளவு போதவில்லையா என்று பார்க்க வேண்டும். அந்தத் திமாதுக்கு அடுத்த கிரெம்த் வரும்வரை கிப்தோவோ கேழ்வரகோ போட்டுவிட்டு, கரிமூட்டத்துச் சாம்பலையும் தொழுவத்துச் சாணத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பிக்கலாம்.